மூன்றாவது பீரியட்

என் மனைவி பாட்டு டீச்சர். அரசுப் பள்ளியில் பகுதி நேரம், வாரத்துக்கு மூன்று அரை நாள். நான் தென்காசி சுரண்டை தடத்தில் ஓடும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன். படித்தவர்களைப் பற்றி நான் எழுதுவது சரியா என்று தெரியவில்லை. ஆனால் பார்த்ததைச் சொல்லப் பட்டம் தேவையில்லை.

வேலையில் இருக்கும் ஆசிரியர்களுக்கென்று ஒரு மேற்படிப்பு வந்தது. இசைக் கல்வியில் முதுகலை. இரண்டு வருஷம், சனி ஞாயிறு மட்டும் வகுப்பு. தென்காசியில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் நடந்தது. மொத்தம் பன்னிரண்டு பேர். எல்லோரும் சுற்றுப்பட்டுப் பள்ளிகளில் பாட்டு டீச்சர், பாட்டு சார்.

அவள் சேர்ந்ததற்குக் காரணம் ஒன்றுதான். எங்கள் ஊரில் ஒரு பள்ளியில் பாட்டு டீச்சர் ஓய்வு பெற இருந்தார். முழுநேர வேலை. இந்தப் பட்டம் இருந்தால்தான் மனு வாங்குவார்கள். அவளுக்கு நாற்பத்தொன்று முடிந்திருந்தது. அந்த இடம் போனால் அப்படி ஒரு இடம் இந்தப் பக்கத்தில் இனிக் காலியாகாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளைக் கூட்டிவரப் போவேன். மாடிப்படியில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே ஒருவர் திரையைப் பார்த்து வாசிப்பார். குழந்தையின் மனதில் இசை மலர வேண்டும் என்று வாசிப்பார். பன்னிரண்டு பேரும் எழுதுவார்கள். ஒருத்தர் கேட்பார், "சார், இது பரீட்சைக்கு வருமா?" வரும் என்பார். எல்லோரும் அடிக்கோடு போடுவார்கள். பீரோவுக்கு மேல் ஒரு ஆர்மோனியம் உறை போட்டு இருந்தது. இரண்டு வருஷத்தில் அதை யாரும் கீழே இறக்கி நான் பார்க்கவில்லை.

கீழே ஜவுளிக்கடையில் எந்நேரமும் பாட்டு ஓடும். மேலே இசைக் கல்வி. பாட்டு கேட்கிறது, படிப்புக்குத் தொந்தரவு என்று வகுப்பை நடத்தும் ஒருங்கிணைப்பாளர் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டார்.

இரண்டாம் வருஷம் அப்சர்வேஷன் நோட்டு என்று ஒன்று கொடுத்தார்கள். பத்துப் பக்கம். கூடப் படிக்கிற ஆசிரியர் தன் பள்ளியில் பாட்டு வகுப்பு எடுக்கும்போது, இவர்கள் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். என்ன பாடம், எப்படி நடந்தது, பிள்ளைகள் எப்படிப் பாடினார்கள் என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். வகுப்பு எடுத்தவர் அடியில் கையெழுத்துப் போட வேண்டும். பத்து வகுப்பு, பத்துக் கையெழுத்து. இது இல்லாமல் பட்டம் இல்லை.

நல்ல ஏற்பாடுதான். யாரோ விவரமானவர் எங்கேயோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

நோட்டு கொடுத்த மறுவாரம் அவள் சீக்கிரமே இறங்கி வந்துவிட்டாள். மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது.

"கிளாஸ் முடிஞ்சிட்டா?"

"கையெழுத்து போடுதாங்க."

"என்ன கையெழுத்து?"

"அப்சர்வேஷன் நோட்டுதான். ஒருங்கிணைப்பாளர் போர்டுல பத்து தேதி எழுதிப் போட்டுட்டாரு. எல்லாம் பள்ளிக்கூடம் இருந்த நாளாம். மூணாவது பீரியடுன்னு போட்டுக்கிடுங்கன்னாரு. ஒருத்தரப் பாத்து ஒருத்தர் எழுதுதாங்க. ஒருத்தருக்கு ஒருத்தர் போட்டுக்கிடுதாங்க."

"நீ?"

"நான் யாரு கிளாஸையும் பாக்கலியே."

எனக்குக் கோபம்தான் வந்தது. "ஏட்டி, எல்லாரும் போடுதாங்கன்னா நீயும் போட வேண்டியதுதான?"

"பாத்துட்டுப் போடுதேன்."

அவ்வளவுதான் பேச்சு. அவளோடு வாதாட முடியாது. பேசமாட்டாள்.

அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நாலு பள்ளிக்குப் போனாள். நாலு பேர் வரச் சொன்னார்கள், உண்மையாகவே வகுப்பும் எடுத்தார்கள். அது வரைக்கும் சரி. எனக்கு லீவு கிடைத்த நாளில் பைக்கில் கொண்டுபோய் விட்டேன். ஆய்க்குடிப் பக்கம் ஒரு டீச்சர் வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி 'ம்' என்று சுருதியைப் பிடிக்க, மறு பாதியைப் பாடவிட்டாராம். வீட்டுக்கு வந்ததும் என்னை உட்கார வைத்து 'ம்' பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். அவள் அடுப்படியில் நின்று பாடினாள். பாதியிலேயே எனக்கு மூச்சு தீர்ந்துவிட்டது. "பஸ்ஸுல மட்டும் அந்தக் கத்து கத்துதிய" என்றாள்.

ஐந்தாவதாகச் சுரண்டைக்காரர். அவர் அரசுப் பள்ளியில் நிரந்தர பாட்டு சார். அந்தப் பன்னிரண்டு பேருக்கும் தலைவர் மாதிரி. வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. மாடியில் எல்லா வாக்குவாதத்துக்கும் அவர்தான் முதல். அவரிடம் இவள் கேட்டாள், உங்க வகுப்பைப் பார்க்க வருகிறேன் என்று.

"எதுக்கு டீச்சர் அம்புட்டு தூரம்? நோட்டக் குடுங்க, இப்பமே போட்டுருதேன்."

"இல்ல சார், பாத்துட்டு எழுதுதேன்."

"சரி, வாங்க. யாரு வேண்டாம்னா?"

வரமாட்டாள் என்று நினைத்திருப்பார். அந்த வாரமே போனோம். பதினொரு மணி, மூன்றாவது பீரியட், ஏழாம் வகுப்பு. அவருடைய டைம் டேபிளில் பாட்டு. நான் வராந்தாவில் நின்றேன். வகுப்புக்குள் கணக்கு டீச்சர் போர்டு நிறைய பின்னம் எழுதிக்கொண்டிருந்தார்.

சுரண்டைக்காரர் ஆபீஸ் ரூமில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். பிள்ளைகள் விவரத்தை ஏற்றுகிற வேலை. எங்களைப் பார்த்ததும் எழுந்தார். முகம் மாறியது. ஆனால் ஒரு நிமிஷம்தான்.

"வாங்க டீச்சர், வாங்க அண்ணாச்சி. இன்னைக்குப் பாத்து கணக்கு போர்ஷன் முடியலன்னு கேட்டாங்க. நம்ம பிள்ளைகதான, குடுத்துட்டேன்."

கணக்கு டீச்சரிடம் போய் ஏதோ சொன்னார். அந்த அம்மா சாக்பீஸைக் கீழே வைக்காமலே, "பத்து நிமிசம்தான் சார்" என்றார். இவர் போய் முன்னால் நின்றார். தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் சரளி வரிசை பாடுங்க பாப்போம்."

நாற்பது பிள்ளைகளும் பார்த்தார்கள். ஒரு பிள்ளை மெதுவாகக் காலை வணக்கப் பாட்டை ஆரம்பித்தது. அதுதான் அதற்குத் தெரிந்த பாட்டு. முன்பெஞ்சில் இரட்டைச் சடை போட்ட ஒருத்தி எழுந்து நின்று கேட்டாள்.

"சார், நீங்க பாட்டு சாரா?"

கிண்டல் இல்லை. தெரியாமல்தான் கேட்டாள்.

"பின்ன யாருன்னு நெனச்ச?"

"ஆதார் கார்டு சாருன்னு நெனச்சேன் சார்."

கணக்கு டீச்சர் போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சுரண்டைக்காரர் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "வெளிய வாங்க டீச்சர், டீ சாப்புடலாம்" என்றார்.

டீ வந்தது. இவள் குடிக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து நோட்டில் எழுதினாள். பாட்டு நடக்கவில்லை, கணக்கு நடந்தது, பின்னப் பாடம். அவ்வளவுதான் எழுதினாள். கையெழுத்துக்கு நீட்டினாள். அவர் வாசித்தார். ஒன்றுக்கு இரண்டு தடவை வாசித்தார்.

"என்ன டீச்சர் இது?"

"பாத்தத எழுதுனேன் சார்."

"பாத்ததெல்லாம் எழுதுவாங்களா?" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். கையெழுத்துப் போடவில்லை.

அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் வரவில்லை. கோபம் என்றால் ஆளுக்கு ஒரு மரியாதை இருக்க வேண்டும். பாட்டு சொல்லிக்கொடுக்கச் சம்பளம் வாங்குகிறார், பாட்டு சொல்லிக்கொடுப்பது இல்லை. பாட்டு சொல்லிக்கொடுப்பது எப்படி என்று மேற்படிப்புப் படிக்கிறார். இதில் கோபப்பட என்ன இருக்கிறது?

அன்றோடு முடிந்தது. மிச்சம் ஆறு பேரில் ஒருத்தரும் இவளைப் பள்ளிக்கு விடவில்லை. ஒருவருக்கு இன்ஸ்பெக்ஷன், ஒருவருக்கு டெஸ்ட், ஒருவர் போனையே எடுக்கவில்லை. மாடியில் இவள் பக்கத்தில் உட்காருவதும் நின்றது. நாலு வகுப்பு எடுத்துக் காட்டினார்களே, அவர்களும்கூடத் தங்கள் நோட்டைப் போர்டைப் பார்த்துத்தான் எழுதியிருந்தார்கள். அவர்களும் பேசவில்லை.

தேர்வு மே மாதம் என்று இருந்தது. ஒருங்கிணைப்பாளர் தள்ளிப்போட்டார். வெளியூரிலிருந்து வரும் தேர்வாளருக்குக் குற்றாலச் சீசனில் குளிக்க ஆசையாம். சாரல் விழுந்து அருவியில் தண்ணீர் வரட்டும் என்று பன்னிரண்டு பேரின் பட்டம் காத்துக்கிடந்தது. கடைசியில் தண்ணீர் வந்தது. குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் சாப்பாட்டு ஹாலை எடுத்து அங்கே வைத்தார்கள்.

அன்று காலையில் என் மனைவி சுருதிப்பெட்டியோடு பஸ்ஸில் முன்னால் போய்விட்டாள். ஒருங்கிணைப்பாளர் என்னைக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, பைக்குலதான வாரிய? இதக் கொஞ்சம் கொண்டாந்திருங்க" என்று ஒரு நோட்டுக் கட்டைக் கொடுத்தார். பன்னிரண்டு நோட்டும் அதில் இருந்தது. மழைக்கு பாலிதீன் சுற்றியிருந்தார்.

நான் போனபோது தேர்வாளர் ஐந்தருவிக்குக் குளிக்கப் போயிருந்தார். எண்ணெய் தேய்த்து, குளித்து, வர இரண்டு மணி நேரமாகும் என்றார்கள். உள்ளே எல்லோரும் கேள்வி பதில் மனப்பாடம் செய்தார்கள். நான் லாட்ஜ் வராந்தாவில் உட்கார்ந்தேன். சும்மா இருக்க முடியாமல் கட்டைப் பிரித்தேன்.

எனக்குப் பாட்டு தெரியாது. பஸ் நேரம் தெரியும். சுரண்டைக்காரர் நோட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாவது பீரியட், செங்கோட்டை டீச்சரின் வகுப்பைச் செங்கோட்டையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். செங்கோட்டை டீச்சர் நோட்டில் அதே செவ்வாய்க்கிழமை, அதே மூன்றாவது பீரியட், அந்த அம்மா சுரண்டையில் உட்கார்ந்து இவர் வகுப்பைப் பார்த்திருக்கிறார். இரண்டுக்கும் நடுவில் தென்காசியில் பஸ் மாற வேண்டும். ஒன்றரை மணி நேரம் ஆகும். இவர் அங்கே, அவர் இங்கே. அப்படியானால் இரண்டு வகுப்பிலும் நின்று பாடியது யார்?

மற்ற நோட்டையும் பார்த்தேன். எல்லாமே அப்படித்தான். போர்டில் எழுதிய பத்துத் தேதி. மூன்றாவது பீரியட் வந்தால் மாவட்டத்துப் பாட்டு டீச்சர் மொத்தப் பேரும் அடுத்தவர் பள்ளியில் இருக்கிறார்கள். சொந்தப் பள்ளியில் ஒருத்தரும் இல்லை. ஆனாலும் பாட்டு நடந்திருக்கிறது. பிள்ளைகள் ஆர்வமுடன் பங்கேற்றனர் என்று எல்லா நோட்டிலும் ஒரே வரி. ஒரு நோட்டில் பங்கேற்றனர் என்பதில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. அடுத்த மூன்று நோட்டிலும் அதே எழுத்து விட்டுப்போயிருந்தது.

எங்கள் கம்பெனியில் டிரிப் ஷீட்டை இப்படி எழுதினால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நாங்கள் எட்டாம் வகுப்பு.

அடியில் அவள் நோட்டு. நாலு பக்கம் நெருக்கி எழுதியிருந்தது. ஐந்தாவதில் அந்த ஒரு வரி, கையெழுத்து இல்லாமல். மற்றது வெள்ளை.

பிறகு நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். பேனாவை எடுத்தேன். ஆறாவது பக்கத்தில் எழுதினேன். என் பஸ் போகிற வழியில் உள்ள ஒரு பள்ளி, எட்டாம் வகுப்பு, மூன்றாவது பீரியட். சரிகமபதநி நடந்தது, நன்றாக இருந்தது. அடியில் ஒரு கிறுக்கல். ஏழாவதும் எழுதலாம் என்று பக்கத்தைத் திருப்பினேன். அதற்குள் தேர்வாளர் வந்துவிட்டார். தலை ஈரம், தோளில் துண்டு, உடம்பெல்லாம் எண்ணெய் வாடை. கட்டை உள்ளே கொண்டுவரச் சொன்னார்கள்.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஆளுக்கு ஐந்து நிமிஷம். இவளைக் கடைசியில் கூப்பிட்டார். பாடச் சொன்னார். பாடினாள். அவர் போனில் வந்த ஏதோ ஒரு படத்தைப் பார்த்தார். நான் வாசலில் நின்றேன். மற்ற பதினொரு பேரும் சுவரோரம் நாற்காலியில் இருந்தார்கள்.

நோட்டை எடுத்தார். "எல்லாருதும் பத்து பத்தா இருக்கு. உங்களுது மட்டும் ஏம்மா மெலிஞ்சு கிடக்கு?"

சுவரோரம் சிரித்தார்கள்.

ஐந்தாவது பக்கத்தை வாசித்தார். "பாட்டு நடக்கவில்லை, கணக்கு நடந்தது. இது என்ன?"

"நான் பாத்தது சார்."

சிரிப்பு நின்றது. அவர் பக்கத்தைத் திருப்பினார். "இது வேற கையெழுத்தா இருக்கே."

அவள் நோட்டை வாங்கிப் பார்த்தாள். தலையைத் தூக்கி வாசல் பக்கம் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"இது நான் எழுதுனது இல்ல சார்" என்றாள். அந்தத் தாளைக் கிழித்தாள். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்த அவமானத்தில்தான் வாயைத் திறந்தேன். தைரியம் ஒன்றும் இல்லை.

"ஐயா, மத்த நோட்டையும் பாருங்க. ஒரே நாளு, ஒரே பீரியட். சுரண்டை சார் செங்கோட்டையில இருக்காரு, செங்கோட்டை டீச்சர் சுரண்டையில இருக்காங்க. அந்த நேரத்துக்கு அப்படிப் போய்ச் சேர பஸ்ஸே கிடையாது."

"அண்ணாச்சி, இது படிப்பு விசயம். நீங்க வெளிய இருங்க" என்றார் சுரண்டைக்காரர்.

தேர்வாளர் இரண்டு நோட்டை எடுத்தார். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது, முகத்தில் தெரிந்தது. நோட்டை மூடினார்.

"நீங்க சொல்றது புரியுதுங்க. ஆனா மார்க் ஷீட்ல பஸ் டயத்துக்குக் கட்டம் இல்ல."

பிறகு அவளிடம் திரும்பினார். குரலில் கனிவு இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. "அம்மா, இங்கயே உக்காந்து ஆறு பக்கம் எழுதிடுங்க. இவங்க எல்லாம் இருக்காங்க, கையெழுத்துப் போடுவாங்க. நான் ஒரு டீ சாப்பிட்டு வரேன்."

சுரண்டைக்காரர் பேனா மூடியைத் திறந்தார். "கொண்டாங்க டீச்சர், போடுதேன். நான் மனசுல ஒண்ணும் வச்சிக்கிடல."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். எழுது என்றுதான் ஆட்டினேன். அந்த வேலை, முழுச் சம்பளம், எல்லாம் அந்த ஆறு பக்கத்தில் இருந்தது.

அவள் சுருதிப்பெட்டியை எடுத்துப் பையில் வைத்தாள். "நான் அடுத்த வருசம் வாரேன் சார்" என்றாள்.

பைக்கில் வரும்போது சாரல் முகத்தில் அடித்தது. இலஞ்சி தாண்டினோம். பிறகு பின்னாலிருந்து கேட்டாள்.

"நன்றாக இருந்ததுன்னு எழுதியிருக்கிய. யாருக்கு?"

நான் கியரை மாற்றினேன்.

"எதுக்குத் தலைய ஆட்டுனிய?"

முன்னால் போன லாரியை முந்தினேன்.

மற்ற பதினொரு பேருக்கும் பட்டம் வந்தது. மாடியில் படம் எடுத்துக்கொண்டார்கள். ஊர்ப் பள்ளி வேலை அவர்களில் ஒருத்திக்குப் போனது. அந்த டீச்சர் சில நாள் எங்கள் பஸ்ஸில் வருவார். டிக்கெட் வாங்கும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. நானும் கையைத்தான் பார்க்கிறேன்.

அந்த வேலை போன பிறகு நான் அவளிடம் சொன்னேன். "விட்டுரு. இனி அந்தப் பட்டத்த வச்சு என்ன செய்யப் போற?"

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "நாலு கிளாஸ் பாத்தேன்லா. நாலு பேர்ட்டயும் எனக்குத் தெரியாத ஒண்ணு இருந்துச்சு. ஆறு பாக்கி இருக்கு."

"கூடப் படிச்சவங்கதான் ஒருத்தரும் விட மாட்டேங்காங்களே."

"இந்த வருசம் புதுசா சேந்திருக்காங்க. அதுல ஒருத்தங்க வரச் சொல்லியிருக்காங்க. கடையத்துக்குப் பக்கம். திங்கக்கிழம லீவு போடுங்க."

போட்டேன். மலையடிவாரத்தில் சின்னப் பள்ளி. நான் கேட்டுக்கு வெளியே பைக்கில் சாய்ந்து நின்றேன். இங்கேயும் ஆதார் கார்டுதான் நடக்கும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கைத்தட்டுச் சத்தம் வந்தது. தப்பாகத் தட்டினார்கள். நிறுத்தினார்கள். மறுபடி தட்டினார்கள். மறுபடியும் தப்பு. ஒரு பொம்பளைக் குரல் சிரித்தது, பிள்ளைகளும் சிரித்தார்கள். பிறகு சரியாக வந்தது. எனக்கே தெரிந்தது.

மணி அடித்து அரை மணி நேரம் கழித்துத்தான் அவள் வெளியே வந்தாள். நோட்டைத் திறந்து காட்டினாள். பக்கம் பத்தாமல் ஓரத்தில் எல்லாம் எழுதியிருந்தாள். அடியில் பச்சை மையில் அந்த டீச்சர் கையெழுத்து.

"அப்படி என்ன பாத்த?" என்றேன்.

"வண்டிய எடுங்க" என்றாள். "போற வழியில சொல்லுதேன்."